இன்னும் கொஞ்சம் குறை, பிள்ளை

அந்த மணிக்கூட்டை என் மேசையில் வைத்த மறுகணமே அது கத்தியது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. முகம் இல்லை, முள் இல்லை, எண் இல்லை. மேலே ஒரு பெரிய மஞ்சள் பொத்தான் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் ஒரு பிரெஞ்சுக்காரி நேரம் சொல்வாள். அழுத்தாவிட்டாலும் மணிக்கு ஒருமுறை தானாகவே சொல்வாள். "ஓன்ஸ் ஊர்" என்று அன்றைக்கு அவள் பதினொரு மணியை அறிவித்த விதத்தில், தொலைபேசி அட்டை வாங்க நின்ற இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கடை முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆரது, கார் து நோரிலையிருந்து ஆளைக் கொண்டுவந்து வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்டார். உண்மையாகவே, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்யவேண்டிய குரல்தான் அது. கண் தெரியாதவர்கள் காதும் கேட்காதவர்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு. பாரிசில் எங்கள் சனத்தின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், தலைக்கு மேலே மெத்ரோ ரயில் ஓடும் பெரிய தெருவுக்குப் பக்கத்தில், தொலைபேசி அட்டையும் சிம்மும் விற்கும் கடையொன்றின் மூலையில் எனக்கு ஒரு மேசை இருந்தது. ரைஸ் குக்கர், ரேடியோ, டிவி ரிமோட், கைத்தொலைபேசி என்று எது பழுதானாலும் என்னிடம் வரும். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் வேலையை ஒரு வருடம் படித்துவிட்டு வந்தவள் நான். பெண்ணொருத்தி ஈயம் உருக்குவதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் பிறகு தங்கள் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். திருத்த முடியாததைக் குப்பையில் போடச் சொல்லி முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். பேய், பிசாசு, சாத்திரம் எதிலும் நம்பிக்கை இருந்ததில்லை. மின்சாரம் பாய்ந்தால் வேலை செய்யும், பாயாவிட்டால் செய்யாது, அவ்வளவுதான் என்று இருந்தவள். அதனால்தான் இதை எழுத எனக்கு இவ்வளவு வருடங்கள் பிடித்தன.

மணிக்கூட்டைக் கொண்டுவந்தவள் இரண்டு பிள்ளைகளின் தாய். அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. விடிய எழும்பிப் போய்விட்டு, மத்தியானம் கண்ணில் தூக்கத்தோடு கடைத்தெருவில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்பாள். அவளுடைய தகப்பனாரை எல்லோரும் சம்மாட்டியார் என்றே சொல்வார்கள். மன்னார்ப் பக்கத்தில் வள்ளமும் வலையும் வைத்திருந்து பத்துப் பேருக்குத் தொழில் கொடுத்த மனிதர். போரின் கடைசி மாதங்களில் இரண்டு கண்ணும் போய், மனைவியையும் தொலைத்துவிட்டு, மகள் ஏறி இறங்காத அலுவலகமெல்லாம் ஏறி இறங்கியதால் பாரிசுக்கு வந்து சேர்ந்தவர். கண் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டு மருமகன் இந்தப் பேசும் மணிக்கூட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"ஒரு நாளைக்கு நூறு தரம் அமத்துறார் அக்கா," என்றாள் மகள். "சின்னவள் நித்திரையாலை எழும்பி அழுகுது. கீழ்வீட்டு மனுசி தும்புத்தடியாலை முகட்டிலை இடிக்கிறா. பின்னாலை ஒரு சுவிச் இருக்கு. ஆனா குறைச்சு வைச்சாலும் இதே கத்தல்தான். கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ." நான் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். வேலை எளிது. ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் நடுவில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து ஈயத்தால் பற்றவைத்தால், தண்ணீர்க் குழாயை அரைவாசி மூடியது மாதிரிச் சத்தம் பாதியாகிவிடும். கால் மணித்தியாலத்தில் முடித்துக் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரி அடுத்த அறையில் நின்று பேசுவதுபோலப் பேசினாள். மகள் கையெடுத்துக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு போனாள்.

ஒரு வாரம் கழித்துச் சம்மாட்டியார் தனியாகவே கடைக்கு வந்தார். நெடிய உருவம். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, கழுத்தில் செபமாலை, கையில் வெள்ளைத் தடி. வீட்டு வாசலில் இருந்து காலடியை எண்ணிக்கொண்டு வந்தாராம். வாசலில் நின்றபடியே மூக்கை உயர்த்தி, "ஈயம் உருகிற மணம் வருது. மணிக்கூட்டைக் குறைச்ச பிள்ளை இஞ்சைதானே?" என்று கேட்டார். ஸ்டூலை இழுத்து உட்காரவைத்தேன். மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லப்போவதை வேறு யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குனிந்து சொன்னார்: "இன்னும் கொஞ்சம் குறை, பிள்ளை."

எனக்கு விளங்கவில்லை. வயது போனவர்கள் எதையும் கூட்டிவிடச் சொல்லித்தான் கேட்பார்கள். "பிறகு உங்களுக்குக் கேக்காதே ஐயா," என்றேன். "எனக்குக் காது நல்லாக் கேக்கும். இதுதான் கத்துது," என்றார். இன்னும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். பொத்தானை அழுத்திக் காதோடு வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "இன்னும் ஆள் வரேல்லை," என்றார். கூட்டிக்கொண்டு போக யாரோ வரவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். அவரோ எழும்பித் தடியைத் தட்டிக்கொண்டு தனியாகவே போய்விட்டார். யாரைச் சொன்னார் என்று யோசித்தேன். அதற்குள் ஒருவர் மிக்சியோடு வந்து நின்றார், மறந்துவிட்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது இன்னொரு ரெசிஸ்டரைப் பற்றவைத்து, ஸ்பீக்கரின் முன்னால் கொஞ்சம் பஞ்சும் வைத்து ஒட்டினேன். இந்தத் தொழிலில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டும். மனிதக் குரலைக் குறைத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரேயடியாகக் குறைவதில்லை. முதலில் அதன் அதட்டல் போகும். பிறகு வயது போகும், குமரியா கிழவியா என்று சொல்லமுடியாது. அதற்குப் பிறகு பாஷை போய்விடும். எழுத்துகள் எல்லாம் கரைந்து, பக்கத்தில் ஒருத்தி ஏதோ சொல்கிறாள் என்பது மட்டும் மிஞ்சும். அதற்குக் கீழே போனால் ஒன்றும் இல்லை. பஞ்சு வைத்த பிறகு அந்த மணிக்கூடு அந்தக் கடைசிப் படியில் நின்றது. சோதிப்பதற்காக நான் காதில் வைத்தேன். யாரோ என் காதுமடலோடு வாயை வைத்து மூச்சுவிட்டதுபோல இருந்தது. அது பிரெஞ்சில்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரியாமல் கேட்டிருந்தால் அது பிரெஞ்சு என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

சம்மாட்டியார் வாங்கிக் காதில் வைத்தார். பொத்தானை அழுத்தினார். அப்படியே இருந்தார். தடியைப் பிடித்திருந்த கை தளர்ந்து, தடி தரையில் விழுந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. "ஓம்," என்றார். "இப்ப ஆள் வந்திட்டா." பட்டப்பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில். கறிவேப்பிலை விற்பவர் கூவிக்கொண்டிருந்தார். "ஆர் ஐயா வந்தது?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன மறுமொழிதான் இந்தக் கதை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில் அவருடைய கண் போனது. பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் அவரும் மனைவியும் பங்கர்க் குழிக்குள்ளும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் கிடந்தார்கள். கடல் தொழில் செய்த மனிதருக்கு நேரம் தெரியாமல் இருக்க முடியாது. பகலா இரவா என்றுகூடத் தெரியாமல் கிடந்தபோது மூச்சு முட்டியதாம். அதனால் மனைவியிடம் ஓயாமல் நேரம் கேட்டார். அவருடைய கைமணிக்கூட்டை அந்த அம்மா தன் கையில் கட்டியிருந்தார். ஒரு பங்கருக்குள் பதினொரு பேர், அதில் கைக்குழந்தைகளும் உண்டு. ஒருவரையும் எழுப்பாமல் காதோடு வாய் வைத்துத்தான் சொல்லவேண்டும். "இஞ்சாருங்கோ, நாலு மணி." "இஞ்சாருங்கோ, நாலே பத்து." அந்த அம்மா ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை என்றார். வள்ளம் வைத்திருந்த காலத்தில் தான் அவரை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை என்பதையும் சொன்னார்.

கடைசியில் சனமெல்லாம் வெளியேறிய நாள். விடியும் நேரம். இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் நடக்கவேண்டி இருந்தது. அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். சனம் நெருக்கியடித்தது. எங்கோ பக்கத்தில் விழுந்து வெடித்தது. எல்லோரும் தண்ணீருக்குள் குந்தி எழும்பினார்கள். கை பிடித்தபடிதான் இருந்தது. கரையேறி நெடுநேரம் நடந்தார்கள். சத்தங்கள் ஓய்ந்த பிறகு அவர் வழக்கம்போல, "நேரம் என்ன?" என்று கேட்டார். கையைப் பிடித்திருந்தவள், "என்னட்டை மணிக்கூடு இல்லை அப்பு," என்றாள். அது யாரோ ஒருத்தி. அவளும் தன் தகப்பனின் கையைப் பிடித்திருப்பதாக நினைத்துத்தான் அவ்வளவு தூரமும் திரும்பிப் பாராமல் நடந்திருக்கிறாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் அங்கேயே குந்தியிருந்து குழறி அழுதாளாம்.

"எந்த இடத்திலை கை மாறினதெண்டு எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார் சம்மாட்டியார். "நடக்கேக்கை ஒருக்கால் நேரம் கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும். அண்டைக்கெண்டு நான் கேக்கேல்லை. கேட்டபோது ஆள் இல்லை. மறுமொழி சொல்லாமல் அவ எங்கையும் போகமாட்டா." அதைத் துக்கத்தோடு சொல்லவில்லை. ரயில் கொஞ்சம் பிந்தி வரும் என்பதைச் சொல்வதுபோலச் சொன்னார். தடியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

ஐப்பசி மாதம் மகள் வந்தாள். மழையில் நனைந்திருந்தாள். வாடிக்கையாளர்கள் போகும்வரை காத்திருந்து, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கத்தோலிக்கர்களுக்குக் கார்த்திகை மாதம், எங்கள் பேச்சில் நவம்பர், இறந்தவர்களுக்கு உரியது. ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒரு துண்டில் எழுதிப் பங்குச் சுவாமியாரிடம் கொடுக்கும். இறந்தவர்களுக்கான பூசையில் சுவாமியார் அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பார். மூன்றாவது கார்த்திகை வருகிறது. தாயின் பெயரை அவள் இன்னும் எழுதவில்லை. முகாம்களில் தேடியாயிற்று, பட்டியல்களில் தேடியாயிற்று, தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டாயிற்று. தாய் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "உயிரோடை இருக்கிறவவின்ரை பேரைச் செத்தாக்களோடை எழுதுவியோ?" என்று தகப்பன் கத்துகிறார்.

"அம்மாக்கு நான் இன்னும் அழேல்லை அக்கா," என்றாள். "கண் கலங்கினாலே அப்பாவுக்கு எப்பிடியோ தெரிஞ்சிடும். ஏசுவார். இப்ப அந்த மணிக்கூட்டுக்குள்ளை அம்மா கதைக்கிறா எண்டுறார். காலமை எழும்பினால் அதோடை குசுகுசுப்பு. பிள்ளையள் பயப்பிடுதுகள். நீங்கள்தான் குறைச்சுக் குறைச்சு இதிலை கொண்டுவந்து விட்டிருக்கிறியள். ஒரேயடியா நிப்பாட்டிவிடுங்கோ. ஒண்டும் கேக்காட்டில் ஒருவேளை விட்டிடுவார்." நான்தான் கொண்டுவந்து விட்டேன் என்று அவள் சொன்னது எனக்குச் சுட்டது. அதில் பொய் இல்லை. செத்துப்போன தாய்க்கு அழக்கூட வழியில்லாமல் ஒருத்தி பக்கத்தில் இருக்கும்போது வேறு என்ன சொல்வது? சரி என்றேன்.

மூன்றாவது முறை சம்மாட்டியார் வந்ததும் அதே வேண்டுகோளோடுதான். கீழ்வீட்டுச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் குறுக்கே வருகின்றனவாம். மனுசி இன்னும் மெல்லமாகக் கதைத்தால் தனக்கு நல்லாக் கேட்குமாம். அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை. பெட்டியைத் திறந்தேன். ஸ்பீக்கரின் இரண்டு வயரையும் குறட்டால் வெட்டினேன். வெட்டிய முனைகளை மடித்து டேப் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் உள்ளே தள்ளிவைத்தேன். இனி அதற்குள் இருந்து ஒரு முனகல்கூட வர வழியில்லை. மூடி, பொத்தானை அழுத்தி, என் காதில் வைத்துப் பார்த்தேன். என் காதுக்குள் ஓடும் இரத்தத்தின் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. "நல்லாக் குறைச்சிருக்கிறன் ஐயா," என்றேன். அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பார்வையில்லாத ஒருவரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வது இவ்வளவு லேசான காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் வாங்கினார். இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் காதில் வைத்து அழுத்தினார். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லப்போகிறார், பழுதாகிவிட்டது என்று நான் சொல்லவேண்டும், அதற்கான வசனங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு நின்றேன். சம்மாட்டியார் தலையை மெல்ல ஆட்டினார். யாரோ சொல்வதற்கு ஆட்டுவதுபோல. "பன்னிரண்டே முக்காலும் ரெண்டு நிமிசமும்," என்றார். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். கடை மணிக்கூட்டில் பன்னிரண்டு நாற்பத்தேழு.

எனக்கு நானே நூறு நியாயம் சொல்லிக்கொண்டேன். வரும் வழியில் எங்காவது நேரம் கேட்டிருப்பார். தெருவில் யாரோ சொல்லியிருப்பார்கள். மேலே ஓடிய மெத்ரோவைக் கொண்டு கணக்குப் போட்டிருப்பார். கடலில் நட்சத்திரத்தைப் பார்த்து நேரம் சொன்ன மனிதருக்கு உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கும். எல்லாம் சரிதான், அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் என்னால் எங்கேயும் பொருத்த முடியவில்லை. அவர் எழும்பிப் போன பிறகு நான் கை கழுவிவிட்டு வெளியே வந்து சனத்துக்குள் நின்றேன். தனியாக உள்ளே இருக்கப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், பயமாகத்தான் இருந்தது.

இரண்டு மூன்று நாளில் மகள் வேலை உடுப்போடே ஓடிவந்தாள். "நீங்கள் நிப்பாட்டேல்லையோ அக்கா?" என்றாள். நிப்பாட்டிவிட்டேன் என்றேன். எப்படி நிப்பாட்டினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "மூத்தவன் எடுத்துக் காதிலை வைச்சுப் பாத்திட்டு, தாத்தா ஒண்டும் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் எண்டு பிரெஞ்சிலை சொல்லுறான். ஆனா அக்கா, அவர் சொல்லுற நேரம் எல்லாம் சரியா இருக்கு. நான் குசினிக்குள்ளை நிண்டு போனைப் பாக்கிறன். ஒரு நிமிசம் பிசகேல்லை." சொல்லும்போது அவளுடைய கண்கள் என்னைப் பார்க்கவில்லை, என் மேசையில் கிடந்த குறட்டையும் ஈயச் சுருளையும் பார்த்துக்கொண்டிருந்தன. "இப்ப எனக்கே தெரியேல்லை அக்கா. எழுதட்டோ, விடட்டோ?" என்று கேட்டாள். அவளுக்கு நல்லது செய்யப் போய், இருந்த ஒரு நிச்சயத்தையும் அவளிடமிருந்து பறித்துவிட்டேன் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஐப்பசி முடிய இரண்டு நாள் இருக்கும்போது சம்மாட்டியார் கடைசியாக வந்தார். அன்றைக்கு அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. சவரம் செய்திருந்தார். மணிக்கூட்டை மேசையில் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"மறுமொழி சொல்லிப்போட்டா பிள்ளை," என்றார்.

அவரே தொடர்ந்தார். "இண்டைக்குக் காலமை. நான் அமத்தவும் இல்லை. சும்மா காதிலை வைச்சுக்கொண்டு இருந்தனான். 'இஞ்சாருங்கோ, ஐஞ்சேகாலுக்குக் கையை விட்டனான்' எண்டவ. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை. இனிக் கதைக்கமாட்டா." அவருடைய முகம் அழுத முகம் மாதிரியும் இல்லை, அழாத முகம் மாதிரியும் இல்லை. "பேரை எழுதச் சொல்லி மகளிட்டைச் சொல்லிப்போட்டன். இனி இதை வைச்சு என்ன செய்ய? நீ அறுத்த வயரை ஒட்டிவிடு. பழையபடி கத்தட்டும்."

அறுத்த வயர் என்றார். நான் வயரை அறுத்ததை உலகத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலாளிக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, என் கணவருக்குக்கூடத் தெரியாது. "ஆர் ஐயா சொன்னது?" என்று கேட்டேன்.

"அவதான்," என்றார் சம்மாட்டியார். "நீ அறுத்துத் தந்த அண்டைக்கே சொல்லிப்போட்டா. நேரத்தைச் சொல்லிப்போட்டு, 'பிள்ளை வயரை அறுத்துப்போட்டுது, பாவம், ஏசிப்போடாதேங்கோ' எண்டவ. அதுதான் நான் ஒண்டும் கதைக்கேல்லை."

நான் அழுதேன். கடையில் ஆட்கள் நின்றார்கள், அதையும் பாராமல் அழுதேன். அவர் கையை நீட்டித் தடவி, என் தலையில் ஒருமுறை தொட்டுவிட்டு எடுத்தார். நான் பஞ்சை எடுத்தேன், ரெசிஸ்டர்களைக் கழற்றினேன், வயரின் முனைகளைச் சீவி ஈயம் பற்றவைத்தேன். ஈயம் இரண்டு தரம் வழுகி விழுந்தது. பொத்தானை அழுத்தியதும் பிரெஞ்சுக்காரி கடை அதிரக் கத்தினாள். சம்மாட்டியார் தலையைப் பின்னுக்கு இழுத்து, "சண்டைக்காரி," என்றார். சிரித்தாரா என்று எனக்கு நிச்சயமில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்கு ஒன்று உறைத்தது. வயரை வெட்டிய அன்றைக்கு நான் ஈயமே உருக்கவில்லை. முன்பு இரண்டு தரமும் அவர் பக்கத்தில் இருக்க மணத்தது, அன்றைக்கு மணக்கவில்லை. குறடு வெட்டிய சத்தம் மட்டும் கேட்டிருக்கும். கண் தெரியாத மனிதருக்கு அது போதும், விளங்கிக்கொண்டிருப்பார். என்னைச் சங்கடப்படுத்தாமல் தன் மனைவியின் தலையில் பழியைப் போட்டிருப்பார். இப்படி நினைத்ததும் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் இரண்டு நிறுத்தம் போவதற்குள் பன்னிரண்டு நாற்பத்தேழு நினைவுக்கு வந்தது. ஆறுதல் போய்விட்டது.

அந்தக் கார்த்திகைப் பூசைக்கு நானும் போனேன். நான் சைவக்காரி. எழும்புவதும் முழந்தாள் இடுவதும் எப்போது என்று தெரியாமல் கடைசி வாங்குப் பலகையில் இருந்து மற்றவர்களைப் பார்த்துச் செய்தேன். சுவாமியார் பெயர்களை வாசித்துக்கொண்டு போனார். நீண்ட பட்டியல். எங்கள் சனத்தின் பட்டியல் அப்போது மிகவும் நீண்டதாகத்தான் இருந்தது. அந்த அம்மாவின் பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதைக் கேட்டதும் மகள் வாய்விட்டு அழுதாள். கோயில் முழுவதும் கேட்கும்படி அழுதாள். அவளுடைய கணவர் தோளைப் பிடித்து மெல்ல, மெல்ல என்று அமர்த்தப் பார்த்தார். சம்மாட்டியார் கையை நீட்டி அவரைத் தடுத்து, "விடும், அழட்டும்," என்றார். இரண்டரை வருடமாகச் சேர்ந்து கிடந்த அழுகை முடிய நெடுநேரம் ஆனது. சுவாமியாரும் வாசிப்பதை நிறுத்திக் காத்திருந்தார்.

சம்மாட்டியார் இப்போது இல்லை. நித்திரையிலேயே போய்விட்டார், அதற்கும் பல வருடம் ஆகிவிட்டது. மகளின் குடும்பம் பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிப் போய்விட்டது. கடையில் என் மேசை இருந்த மூலையில் இப்போது கைத்தொலைபேசிக் கண்ணாடி மாற்றும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போவதுண்டு. அந்த மணிக்கூடு அங்கே மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பற்றரி முடிய முடிய யாரோ மாற்றிவிடுகிறார்கள். நேரம் பார்க்க ஆளுக்கொரு போன் இருந்தும், மணிக்கு ஒருமுறை பிரெஞ்சுக்காரி வீடு அதிரக் கத்துகிறாள். புதிதாக வந்தவர்கள் துள்ளி எழும்புகிறார்கள். பிள்ளைகள் தலையைக்கூடத் திருப்புவதில்லை. ஒருவரும் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

போன முறை போயிருந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. எழும்பிப் போய் அதை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன். மூன்று மணி என்று கத்தி முடித்தாள். அதற்குப் பிறகும் நான் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. காலடி கேட்டுத் திரும்பினால், தேத்தண்ணீர்க் கோப்பையோடு மகள் வாசலில் நிற்கிறாள். களவு செய்து பிடிபட்டதுபோல இருந்தது எனக்கு. அவள் ஆச்சரியப்படவில்லை.

"நீங்களுமோ அக்கா?" என்றாள்.

கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். கொடுத்தேன். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, மணிக்கூட்டை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் காதோடு வைத்தாள். பொத்தானை அழுத்தவில்லை.